கண்டக்டர் சொன்ன ரைட்

கண்டக்டரைப் பற்றி ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் அவரே வந்து சொல்லிவிடுவார். முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்ற மனிதர். அந்த முப்பத்தோரு வருஷத்தில் அவர் இறங்கி நின்று பார்த்துச் சொல்லி, பின்னால் எடுத்த எந்த வண்டியும் எதன் மேலும் உரசியது கிடையாது. சுவர் கிடையாது, கம்பம் கிடையாது, ஒரு பூந்தொட்டி கூடக் கிடையாது. டயாலிசிஸ் வார்டில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் ஜியாகிரபி வாத்தியார் இந்தச் சரித்திரத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார், பாவம்.

ரெண்டு வருஷமாகக் கண்டக்டரின் சிறுநீரகம் வேலைநிறுத்தம். திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறரைக்கு மெஷினில் படுத்துவிட வேண்டும், நாலு மணி நேரம். வீடு ஊரின் இந்தக் கோடி, ஆஸ்பத்திரி அந்தக் கோடி. வாடகை வண்டிக்காரர் ஒருத்தர் வந்துகொண்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. போன் அடித்தால் அணைத்து வைத்திருக்கிறார். எதையோ பிடித்து இவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து, மெஷினில் வேறொருவர் படுத்தாயிற்று. அடுத்த ரெண்டு நாள் கண்டக்டரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

பிழைத்தார். பிழைத்த மறுநாள் அவர் மனைவி கடையைத் திறக்காமல் நேராக டிரைவிங் ஸ்கூலுக்குப் போனார்.

அக்கம்பக்கத்தில் அவருக்குத் தையலம்மா என்று பேர். வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு, பெரிசானதைச் சின்னதாக்கி, சின்னதைப் பெரிசாக்கிக் கொடுப்பவர். வயசு ஐம்பத்துநாலு. அதுவரை அவர் ஓட்டிய ஒரே சக்கரம் தையல் மெஷின் சக்கரம்தான். பத்தொன்பது வயசில் தங்கச்சியின் சைக்கிளை ஓட்டப் பார்த்து, தெருவே பார்க்க விழ, யாரோ ஒருத்தன் சிரித்துவிட்டான். அன்றைக்கு எழுந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்தவர்தான். முப்பத்தஞ்சு வருஷம் அதைத் தொடவே இல்லை. தையலம்மா அப்படிப்பட்ட ஆள், ஒன்றை வேண்டாம் என்று வைத்துவிட்டால் வைத்ததுதான். இது கண்டக்டருக்கு நன்றாகத் தெரியும்.

அப்பேர்ப்பட்டவர், மகன் வயசுப் பையனிடம் திட்டு வாங்கிக்கொண்டு கிளட்ச் பழகினார். முதல் டெஸ்டில் வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டார். ரெண்டாவதில் ஓரத்தில் வைத்திருந்த கூம்பைத் தட்டினார். மூணாவதில் தேறினார். பழைய வண்டிகளாகப் பதினோரு வண்டி பார்த்து, பன்னிரண்டாவதாக ஒரு வெள்ளை வண்டியை வாங்கினார். இதெல்லாம் யாருக்காக? "உனக்கு எதுக்கு இந்த வயசுல இந்த வேல?" என்று கேட்டுக்கொண்டு சோபாவில் கால் நீட்டியிருந்த மனிதருக்காக. நானாக இருந்தால் அந்த இடத்திலேயே சாவியைத் தூக்கி அவர் மேல் எறிந்திருப்பேன். அந்தம்மாவுக்குப் பொறுமை ஜாஸ்தி.

அந்தத் திங்கட்கிழமைதான் பழக்குகிற பையன் இல்லாமல் முதல் நாள். ஊரைத் தாண்டி வந்தாயிற்று, ஒரு குறை சொல்ல முடியாது. கண்டக்டர் மட்டும் வழி முழுக்க வாயை மூடவில்லை. "அந்த லாரிக்கு வழி விடு. சிக்னல் விழப்போவுது பாரு. ஹாரன் அடி, ஹாரன் எதுக்கு இருக்கு?" தையலம்மா பதில் பேசாமல் ரெண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரே ஒரு இடம் காலி. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் பளபளவென்று ஒரு நீலக் கார், மூக்கை வெளியே நீட்டி நிற்கிறது. தையலம்மா நேராக நுழையப் பார்த்தார்.

"ரிவர்ஸ்ல ஏத்து," என்றார் கண்டக்டர். "போறப்போ சிரமம் இல்லாம நேரா வெளிய வந்துடலாம். இரு, நான் எறங்கிப் பாக்கறேன்."

"எனக்கு ரிவர்ஸ் இன்னும் அவ்வளவா வரலைங்க."

"நான் இருக்கேன்ல?"

இறங்கினார். பின்னால் போய் நின்றார். ரெண்டு வருஷ நோயாளி மறைந்து, முப்பத்தோரு வருஷக் கண்டக்டர் நிமிர்ந்து நின்றார். வண்டியின் பின்புறத்தை உள்ளங்கையால் ரெண்டு தட்டுத் தட்டி, பழைய குரலை எடுத்துவிட்டார்: "ரைட்! ரைட்! ரை...ட்!"

உள்ளே இருந்த தையலம்மா என்ன செய்வார்? டிரைவிங் ஸ்கூல் பையன் நாலு மாசமாக லெஃப்ட் என்றால் இடது பக்கம் ஒடி, ரைட் என்றால் வலது பக்கம் ஒடி என்று சொல்லிக்கொடுத்திருக்கிறான். சொல் பேச்சுக் கேட்கிற மாணவி. ஸ்டீரிங்கை வலது பக்கம் முழுசாக ஒடித்தார். வண்டியின் பின்பக்கம் நீலக் காரைத் தேடிக்கொண்டு போயிற்று.

"ஓல்டான்! ஓல்டான்!" என்று அலறினார் கண்டக்டர்.

இந்த வார்த்தையை அந்தப் பையன் சொல்லிக்கொடுக்கவில்லை. நிறுத்து என்று சொல்லியிருந்தால் நின்றிருக்கும். ஓல்டான் என்றால் என்ன என்று அந்தம்மா யோசித்து முடிப்பதற்குள் 'கர்ர்க்' என்று ஒரு சத்தம், பல் கூசுகிற மாதிரி.

கண்டக்டர் ஆடிப்போய்விட்டார். ஆடிப்போன மனுஷன் என்ன செய்வான்? கத்துவான். "ரைட்டுன்னா வலது பக்கம் ஒடிப்பியா? அறிவு வேணாமா? இதுக்குத்தான் சொன்னேன், இதெல்லாம் உனக்கு எதுக்குன்னு!"

கண்டக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். வாட்ச்மேன் கேட்டுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வேறு ஈ காக்கா இல்லை.

குரலை இறக்கினார். "யாரும் பாக்கல. வண்டிய எடு. பின்பக்கம் எடம் இருக்கும், அங்க போய் நிறுத்திடலாம்."

தையலம்மா வண்டியை முன்னால் எடுத்தார். நேராக்கினார். மறுபடி ரிவர்ஸில், யார் உதவியும் இல்லாமல், அதே இடத்தில், நீலக் காருக்குப் பக்கத்திலேயே ஏற்றி நிறுத்தினார். இறங்கி வந்தார். "இங்கயே நிக்கட்டும். வர்றவங்க ரெண்டு வண்டியையும் சேத்துப் பாக்கட்டும்," என்றார்.

அப்புறம் கைப்பையைத் திறந்து இஞ்ச் டேப்பை எடுத்தார். நீலக் காரின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கீறலை அளந்தார். நீளம் அளந்தார், அகலம் அளந்தார், நசுங்கின இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். கண்டக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "மணியாச்சு! சட்டைக்கா அளவெடுக்கற?" என்று பல்லைக் கடித்தார். அந்தம்மா காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. துணி வெட்டுவதற்கு வரைகிற பழுப்புக் காகிதத்தில் ஒரு துண்டு கிழித்து, பானெட்டில் வைக்காமல் தன் முழங்காலில் வைத்து எழுதி, வைப்பருக்கு அடியில் செருகினார்.

எல்லாம் முடிந்தபின் கார் சாவியைக் கொண்டுவந்து கண்டக்டரின் சட்டைப் பையில் போட்டார்.

"புதன்கிழமைக்கு வாடகை வண்டிக்குச் சொல்லிடுங்க. இது எனக்கு வராதுங்க."

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கணக்கு முடிந்துவிட்ட மாதிரி சாதாரணமாகச் சொன்னார். சுவரில் சாய்த்த சைக்கிள் கண்டக்டர் கண் முன்னால் வந்து நின்றது. வாடகை வண்டி வராத அந்த வெள்ளிக்கிழமையும் வந்து நின்றது. ஏதாவது சொல்ல வேண்டும். ஆனால் வாயைத் திறந்தால் தப்பை ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும் போலிருந்தது. பேசாமல் வார்டுக்குள் போய்விட்டார்.

வார்டில் ராஜ்ஜியம் அலாரம் சிஸ்டருடையது. மெஷினில் ஏதாவது கோளாறு என்றால் அலாரம் அடிக்கும். அதற்கு முன்னால் இவர் குரல் அடித்துவிடும், அதனால் அந்தப் பேர். எடை மெஷினில் ஏறினதும் ஆரம்பித்தார். "மூணு கிலோ கூட! தண்ணி குடிச்சீங்களா, கெணத்தையே குடிச்சீங்களா? படுங்க. கைய நீட்டுங்க." ரெண்டு ஊசியும் நச்சென்று ஏறின. ஊசி போடுவதில் அந்தச் சிஸ்டருக்கு நிகர் அவர்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கண்டக்டரின் ரத்தம் குழாய் வழியாக வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வர ஆரம்பித்தது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"என்ன கண்டக்டர் சார், இன்னைக்கு சரித்திரம் சொல்லலியா?" என்றார் வாத்தியார்.

"தலைவலி."

ஒரு மணி நேரம் போயிருக்கும். வாட்ச்மேன் கதவைத் தட்டி எட்டிப் பார்த்தார். கையில் பழுப்புக் காகிதம். "சிஸ்டர், உங்க வண்டியில யாரோ செருகி வச்சிருக்காங்க."

கண்டக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரில் இத்தனை வண்டி இருக்க, போயும் போயும் இந்தம்மா வண்டியா? வாரம் மூணு நாள், நாளுக்கு ரெண்டு ஊசி போடுகிற கையாயிற்றே அது!

சிஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வார்டுக்கே கேட்கிற மாதிரி படித்தார்:

"ஐயா அல்லது அம்மா, இன்று காலை ஆறு பதினைந்துக்கு என் வண்டியால் உங்கள் நீல வண்டியை இடித்துவிட்டேன். இடது முன் சக்கரத்துக்கு மேலே கீறல். நீளம் ஏழே கால் இஞ்ச், அகலம் மூன்று நூல். நடுவில் சட்டைப் பொத்தான் அளவு ஒரு நசுங்கல். அதற்குக் கீழே உள்ள சின்னக் கீறல் பழையது, அழுக்கு ஏறியிருக்கிறது. அது என்னுடையது அல்ல. பக்கத்தில் நிற்கும் வெள்ளை வண்டி என்னுடையது. பத்தே முக்கால் வரை காத்திருக்கும் கூடத்தில் இருப்பேன். இடித்தது நான்தான்."

கட்டிலுக்குக் கட்டில் சிரிப்பு. "மூணு நூலாம், தையல் கணக்கு!" என்று யாரோ சொன்னார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை. வெளியே போனார். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தபோது பின்னால் தையலம்மாவும் வந்தார். சிஸ்டர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ஆசை ஆசையா வாங்கின வண்டி. போன வருஷம்தான் எடுத்தேன். அவ்வளவு எடம் இருக்கு, எப்படிம்மா இடிச்சீங்க?"

"ஸ்டீரிங்க வலது பக்கம் ஒடிச்சிட்டேன் சிஸ்டர்."

"ஏன் ஒடிச்சீங்க?"

கண்டக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். தையலம்மா ஒரு தடவை கட்டில் பக்கம் திரும்பினார். இவர் சொன்னதால்தான் என்று ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும். ஊரில் எந்தப் பெண்சாதியும் அதைச் செய்திருப்பாள், நியாயமும் அதுதான்.

"நான் புதுசு சிஸ்டர். எனக்கு வரல. நானே பட்டறையில விட்டு சரி பண்ணித் தந்துடறேன். இனிமே வண்டி எடுக்க மாட்டேன்."

"வராதுன்னா ஏன் எடுக்கறீங்க?" என்றார் சிஸ்டர்.

தையலம்மா தலையைக் குனிந்துகொண்டார். அறுபது பேருக்குத் துணி தைத்துக் கொடுத்து, ஒருத்தரிடமும் ஒரு சொல் வாங்காத மனுஷி. கண்டக்டருக்கு நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. தைத்த வேகத்தில் எழுந்து உட்காரப் பார்த்தார். மெஷின் 'பீப் பீப்' என்று அலறியது.

"படுங்க! கைய மடக்காதீங்க!"

"சிஸ்டர், அவங்க பொய் சொல்றாங்க. இடிச்சது நான்."

"நீங்க ஓட்டினீங்களா?"

"ஓட்டல. பின்னால நின்னு ரைட் சொன்னேன்."

சிஸ்டருக்குப் புரியவில்லை. வாத்தியார் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "ரைட்டுன்னா வலதுதானே? அந்தம்மா வலது பக்கம் ஒடிச்சது சரிதானே?"

"பஸ்ஸுல ரைட்டுன்னா போலாம்னு அர்த்தம் சார்! முப்பத்தோரு வருஷம் அப்படித்தான் சொன்னேன். டிரைவருக்குத் தெரியும். இவங்களுக்கு எப்படித் தெரியும்? நான் பஸ்ஸுக்குச் சொல்ற ரைட்ட இவங்களுக்குச் சொன்னேன். ஓல்டான்னு வேற கத்தினேன். அதுவும் பஸ் பாஷைதான். நான் சொன்னத அப்படியே கேட்டதுதான் அவங்க பண்ண தப்பு." மூச்சு வாங்கியது. விடவில்லை. "இடிச்சப்புறம் அறிவில்லையான்னு கத்தினதும் நான்தான். ஓடிப்போயிடலாம்னு சொன்னதும் நான்தான் சிஸ்டர். அவங்கதான் உக்காந்து அளந்தாங்க."

சிஸ்டர் மெஷினின் பீப் சத்தத்தை நிறுத்தினார்.

"அப்போ அந்த முப்பத்தோரு வருஷம், ஒரு கீறல் கூட இல்லன்னு..." என்று மெல்ல இழுத்தார் வாத்தியார்.

"இன்னைக்கு விழுந்துடுச்சு சார்."

முதலில் சிரித்தது வாத்தியார்தான். அப்புறம் ஒவ்வொரு கட்டிலாகப் பற்றிக்கொண்டது. ஓல்டான், ஓல்டான் என்று ஒருத்தர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கண்டக்டர் முகம் சிவந்துபோய்ப் படுத்திருந்தார். அவமானமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் ஒன்று இறங்கியிருந்தது.

சிஸ்டர் அவருடைய பிரஷரைப் பார்த்தார். குழாயைச் சரி செய்தார். காகிதத்தை இன்னொரு தடவை படித்தார்.

"அந்தப் பழைய கீறல் இருக்கே, அது ஆறு மாசம் முன்னால விழுந்தது. இதே வாசல்ல. யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அதுக்கு முந்தின வண்டியிலயும் ரெண்டு தடவ. ஒருத்தரும் நிக்கல. எழுதி வச்சிட்டு உள்ள உக்காந்திருந்தது நீங்க ஒருத்தர்தான்." குரல் இறங்கியிருந்தது. சட்டென்று பழையபடி ஏறியது. "அதுக்காகச் சும்மா விட மாட்டேன். டிங்கரிங், பெயிண்ட், எல்லாம் பண்ணித் தரணும்."

"தந்துடறேன் சிஸ்டர்."

"அந்தப் பழைய கீறலையும் சேத்து."

"அது என்னோடது இல்லையே சிஸ்டர்," என்றார் தையலம்மா.

அலாரம் சிஸ்டரின் பல்வரிசையை வார்டு அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்த்தது. தையலம்மா சிரிக்கவில்லை. கண்டக்டரைத் திரும்பியும் பார்க்காமல் கூடத்துக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் ரெண்டு மணி நேரம் அந்த மனிதர் பட்ட பாடு இருக்கிறதே, ஊசி தேவலை.

முடிந்து வெளியே வரும்போது பதினொன்று. டயாலிசிஸ் முடிந்த உடம்பு பிழிந்த துணி. தையலம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். வாசலில் போய்ப் பார்த்தால், வெள்ளை வண்டிக்கு நேர் எதிரே ஆக்சிஜன் சிலிண்டர் ஏற்றிய லாரி குறுக்கே நிற்கிறது. இறக்கி முடிக்க ஒரு மணி நேரமாகுமாம். முன்னால் ஒரு கட்டில் போடுகிற இடம்தான் இருந்தது.

"நான் எடுத்துத் தர்றேன்மா, குடுங்க," என்று வாட்ச்மேன் கையை நீட்டினார்.

கண்டக்டர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். வாட்ச்மேன் கையில் கொடுக்கவில்லை. மனைவியிடம் நீட்டினார். கெஞ்சவும் தெரியாது, புகழவும் பழக்கமில்லை. சாவியை நீட்டிக்கொண்டு வெறுமனே நின்றார்.

தையலம்மா சாவியைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். நீலக் காரைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. கண்டக்டரைக் கேட்டால் ஒரு யுகம் என்பார்.

"உள்ள ஏறி உக்காருங்க," என்றார். "எறங்கக் கூடாது. பேசக் கூடாது."

ஏறி உட்கார்ந்தார். தையலம்மா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்னால் எவ்வளவு, பக்கத்தில் எவ்வளவு என்று கண்ணாலேயே அளந்தார். உட்கார்ந்தார். முன்னால் ஒரு சாண், நிறுத்தினார். பின்னால் ஒரு சாண், நிறுத்தினார். ஒவ்வொரு தடவையும் தானே தலையைத் திருப்பிப் பார்த்தார். ஜன்னலில் அலாரம் சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் வண்டியல்லவா பக்கத்தில் நிற்கிறது. ஆறு தடவை முன்னும் பின்னும். ஏழாவது தடவை வெள்ளை வண்டி லாரிக்கும் நீலக் காருக்கும் நடுவிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது, எதையும் தொடாமல். லாரிக்காரர் சிலிண்டரைப் பிடித்தபடியே "அடேங்கப்பா!" என்றார்.

முப்பத்தோரு வருஷத்தில் எத்தனையோ டிரைவர்களைப் பார்த்த மனிதர் கண்டக்டர். பொறுமையாக, பயத்தோடு, பயத்தை ஓரமாக வைத்துவிட்டு ஓட்டின ஒரு ஆளை அன்றைக்குத்தான் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கேட்டைத் தாண்டி ரெண்டு தெரு போனதும் தையலம்மா வண்டியை ஓரமாக நிறுத்தினார். அப்போதுதான் அவர் கை உதற ஆரம்பித்தது, காலும் சேர்ந்து. உதறி முடிகிற வரைக்கும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தனை பேர் முன்னாடி நீங்க அதச் சொல்லலைன்னா, நான் சாவிய வாங்கியிருக்க மாட்டேன்," என்றார்.

கண்டக்டர் வாயைத் திறந்தார்.

"பேசாதீங்க," என்றார் தையலம்மா, கியரைப் போட்டபடி. "நான் ரோட்டப் பாக்கணும்."